கூட்டா படைச்சு க்ரவுட்ஃபண்டிங் பண்றப்போ உரிமை யாருக்கு, கடன் யாருக்கு?

கேள்வி சுருக்கமா இதுதான். மூணு பேர் சேர்ந்து ஒரு காமிக்ஸ் புக் பண்றீங்க, ஒருத்தர் கதையும் வசனமும், ஒருத்தர் படம் வரையறார், மூணாவது ஆள் கலர், லெட்டரிங் (வசனத்தைப் பக்கத்துல எழுத்தா அமைக்கிறது), அச்சுக்கு ரெடி பண்றதுன்னு மிச்ச எல்லாம். இதுவரைக்கும் எல்லாமே வாய்ப்பேச்சுதான், "எது வந்தாலும் மூணா பிரிச்சுக்கலாம்"ங்கிற அளவுல. சீக்கிரமே க்ரவுட்ஃபண்டிங் (ஆன்லைன்ல பொதுமக்கள்கிட்ட சின்னச் சின்னதா பணம் திரட்டறது) கேம்பெய்ன் போடப் போறீங்க. புக்கோட உரிமை யாருக்கு, நடுவுல ஒருத்தர் விலகினா என்ன ஆகும், பணம் போடுற பேக்கர்களுக்கு உரிமை ஏதாவது வருமா, புக்கே வராம போயிட்டா யார் பதில் சொல்லணும்னு கேட்டிருக்கீங்க.

எல்லாத்துக்கும் சேர்த்து முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்: கேம்பெய்ன் தொடங்குறதுக்கு முன்னாடி உரிமைகளை எல்லாம் எழுத்துல ஒரே இடத்துக்குக் கொண்டு வாங்க, அது முடியற வரைக்கும் கேம்பெய்ன் தள்ளிப் போகட்டும். ஏன்னா இன்னைக்கு உங்களுக்குள்ள இருக்கிற வாய்ப்பேச்சு, கேம்பெய்ன் முடியற அன்னைக்கு முன்பின் தெரியாத சில நூறு பேருக்குக் கொடுத்த வாக்கா மாறிடும். அந்த வாக்கைக் கொடுக்கிறது ஒரே ஆள், கேம்பெய்ன் அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவர். ஆனா அதை நிறைவேத்தத் தேவையான உரிமை மூணு பேர்கிட்ட சிதறிக் கிடக்கும். சண்டைன்னு வர்ற கேஸ்ல முக்காவாசி இந்த இடைவெளியில இருந்துதான் வருது, நம்ம ஆளுங்க யாரும் முதல்ல இருந்தே ஏமாத்தணும்னு நினைக்கிறதில்ல.

சரி, எதுவுமே எழுதலைன்னா சட்டம் என்ன சொல்லும்? இங்கதான் பெரும்பாலானவங்க தப்பா நினைச்சுட்டு இருக்காங்க. "சேர்ந்து பண்ணோம், அதனால மூணு பேரும் ஓனர்"னு நினைக்கிறீங்க இல்லையா, அது எந்த நாட்டு சட்டம்ங்கிறதைப் பொறுத்து மாறும். இந்திய காப்பிரைட் சட்டம் 1957, கூட்டுப் படைப்புன்னு எதைச் சொல்லுதுன்னா, ஒருத்தரோட பங்களிப்பை இன்னொருத்தரோடதுல இருந்து தனியா பிரிச்சுப் பார்க்க முடியாத படைப்பை. பிரிட்டனோட 1988 சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது. காமிக்ஸ்ல வசனம் தனி, படம் தனி, ரெண்டையும் தாராளமா பிரிச்சுக் காட்டலாம். அப்போ இந்த ரெண்டு நாட்டுலயும் எழுத்து எழுதினவருக்கு, படம் வரைஞ்சவருக்குன்னு தனித்தனி உரிமையாத்தான் நிக்க வாய்ப்பு அதிகம், அதாவது மூணு பேருக்கும் சேர்ந்த ஒரு "புக் உரிமை"ன்னு ஒண்ணு பொறக்கவே பொறக்காது. எழுத்தாளர் தன் கதையை வேற ஓவியர்கிட்ட கொடுக்கலாம், ஓவியர் தன் படத்தை வேற எங்கயாவது போடலாம், ஆனா அந்த புக்கை அந்த வடிவத்துல யாரும் தனியா அச்சடிக்க முடியாது.

அமெரிக்கச் சட்டம் வேற மாதிரி. பிரிக்க முடியாததா இருந்தாலும் சரி, ஒண்ணை ஒண்ணு சார்ந்து நிக்கிறதா இருந்தாலும் சரி, ஒரே படைப்பாகணும்ங்கிற எண்ணத்தோட பண்ணியிருந்தா அது கூட்டுப் படைப்பு. பாட்டுக்கு வரியும் மெட்டும் மாதிரி காமிக்ஸுக்கு வசனமும் படமும் ஒண்ணை ஒண்ணு சார்ந்தது, அதனால அங்க நீங்க கூட்டு ஓனர் ஆகலாம். ஆனா அதுலயும் கோர்ட்டுங்க கண்டிஷன் போட்டு வெச்சிருக்கு. 1991-ல சைல்ட்ரெஸ் எதிர் டெய்லர் கேஸ்ல, ஒவ்வொருத்தரும் தனித்தனியா காப்பிரைட் கிடைக்கிற அளவுக்கு ஏதாவது பண்ணியிருக்கணும், அதோட நாம எல்லாரும் கூட்டுப் படைப்பாளிங்கன்னு எல்லாருக்குமே எண்ணம் இருந்திருக்கணும்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர் மனசுல மட்டும் "நானும் இதுக்கு ஆசிரியர்"னு இருந்தா பத்தாது. உங்க மூணாவது ஆளுக்கு இது பெரிய விஷயம், ஏன்னா கலரிங்குக்கு காப்பிரைட் வாதாடலாம், லெட்டரிங் கதை வேற, எழுத்து வடிவத்துக்கு அமெரிக்காவுல காப்பிரைட்டே கிடையாது. ராத்திரி பகலா உழைச்சவருக்கு சட்டப்படி கையில ஒண்ணுமே இல்லாம போக நல்லாவே வாய்ப்பு இருக்கு.

கூட்டு ஓனர்னே ஆயிட்டாலும் நிம்மதி இல்ல. அமெரிக்காவுல கூட்டு ஓனர் ஒவ்வொருத்தரும் மத்தவங்களைக் கேக்காமலே யாருக்கு வேணும்னாலும் எக்ஸ்க்ளூசிவ் இல்லாத லைசென்ஸ் (ஒரே ஆளுக்கு மட்டும்னு இல்லாத பயன்பாட்டு அனுமதி) கொடுக்கலாம், வந்த லாபத்துல மத்தவங்க பங்கைக் கணக்கு காட்டிக் கொடுத்தா போதும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு பெரிய பப்ளிஷரோ ஸ்டுடியோவோ எக்ஸ்க்ளூசிவா வேணும்னு வந்தா எல்லார் கையெழுத்தும் தேவை, அதுக்குள்ள ஒருத்தர் சின்னதா ஒரு மொபைல் ஆப்புக்கு லைசென்ஸ் கொடுத்து வெச்சிருந்தா அந்த டீல் அங்கயே செத்துடும். பிரிட்டன்ல இதுக்கு நேர் எதிர், கூட்டு ஓனர் எல்லாரும் சம்மதிச்சாத்தான் லைசென்ஸ். இந்தியாவுலயும் பாம்பே ஹைகோர்ட் 2008-ல அங்கத் ஆர்ட்ஸ் கேஸ்ல, ஒரு கூட்டு ஓனர் இன்னொருத்தர் சம்மதம் இல்லாம லைசென்ஸ் கொடுக்க முடியாதுன்னு சொல்லியிருக்கு. ஆக ஒரு பக்கம் யார் வேணும்னாலும் வித்துடலாம்ங்கிற ஆபத்து, இன்னொரு பக்கம் ஒருத்தர் முரண்டு பிடிச்சா யாருமே ஒண்ணும் பண்ண முடியாதுங்கிற ஆபத்து.

"மூணா பிரிச்சுக்கலாம்"ங்கிறது பத்தியும் சொல்லணும். அமெரிக்காவுல வேற மாதிரி எழுதி வைக்கலைன்னா கூட்டுப் படைப்பாளிங்களுக்கு சம பங்குதான், 90 சதவீதம் வேலை ஒருத்தர் பண்ணியிருந்தாலும் சரி. பிரிட்டன்ல கோர்ட் உட்கார்ந்து அளந்து பார்க்கும். ஒரு திரைக்கதை விஷயமா கோகன் எதிர் மார்ட்டின்னு ஒரு கேஸ், 2019-ல மேல்முறையீட்டுக் கோர்ட் திரும்ப விசாரிக்கச் சொல்லி, 2021-ல தீர்ப்பு வந்தப்போ ஒருத்தருக்கு 20 சதவீதம்னு முடிவாச்சு. அவர் எழுதின ஆள் இல்ல, எழுதினவரோட அப்போ சேர்ந்து வாழ்ந்தவர், பாத்திரங்களையும் காட்சிகளையும் பேசிப் பேசி உருவாக்கினதுல பங்கு இருந்ததுன்னு கோர்ட் ஏத்துக்கிச்சு. வருஷக்கணக்கா கேஸ் நடத்தி ஒரு சதவீதத்தைக் கண்டுபிடிக்கிறதை விட முதல் நாளே ஒரு நம்பரை எழுதி வெச்சிருந்தா ஒரு பக்கத்துல முடிஞ்சிருக்கும்.

அப்புறம் "ஐடியா என்னோடது"ன்னு ஒரு ஆள் கண்டிப்பா வருவார். வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் எங்கயும் கிடையாது, இந்திய சுப்ரீம் கோர்ட்டே 1978-ல ஆர்.ஜி. ஆனந்த் கேஸ்ல தெளிவா சொல்லிருக்கு. ஆனா காமிக்ஸ் பாத்திரங்கள்ல இது வழுக்குற இடம். 2004-ல அமெரிக்காவுல கெய்மன் எதிர் மெக்ஃபார்லேன்னு ஒரு கேஸ், எழுத்தாளர் பாத்திரத்தை வார்த்தையில விவரிச்சார், ஓவியர் வரைஞ்சார், ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் பாத்திரத்துக்கு ஓனர்னு கோர்ட் சொல்லிச்சு. எழுதினவரோட பங்கு தனியா எடுத்தா காப்பிரைட் கிடைக்குமாங்கிற கேள்வி இருந்தும் அப்படித்தான் தீர்ப்பு. காமிக்ஸ்ல காசு பாத்திரத்துலதான் இருக்கு, பக்கத்துல இல்ல, அதனால பாத்திரங்கள் யாருக்குன்னு தனி வரியா எழுதுங்க.

இப்போ "ஒரே இடம்"னு சொன்னேனே, அது எது? ரெண்டு வழி. ஒரு கம்பெனியோ எல்எல்பியோ (கடன் பொறுப்புக்கு வரம்பு இருக்கிற பார்ட்னர்ஷிப்) ஆரம்பிச்சு மூணு பேரும் உரிமையை அதுக்கு எழுதிக் கொடுக்கிறது, இல்லேன்னா மூணு பேர்ல ஒருத்தர் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டு மத்த ரெண்டு பேரும் வருமானத்துல பங்கும் முக்கிய முடிவுகள்ல ஓட்டும் எழுதி வாங்கிக்கிறது. ஒரே ஒரு புக்குன்னா ரெண்டாவதே போதும்ங்கிறது என் கருத்து, கம்பெனி ஆரம்பிச்சா புக் வித்தாலும் விக்காட்டியும் வருஷா வருஷம் ஃபைலிங், ஆடிட்டர்னு செலவு ஓடிட்டே இருக்கும். தொடரா வரப் போகுது, திரட்டுற பணமும் பெருசுன்னா கம்பெனி பக்கம் போங்க, ஏன்னா அங்க கடனுக்கு உங்க சொந்த சொத்து வரைக்கும் கை வைக்கிறது கஷ்டம்.

எதுவும் பண்ணாம இருந்தா என்னன்னு கேட்டா, நீங்க ஏற்கனவே பார்ட்னர்ஷிப்பா இருக்கலாம். இந்தியாவோட 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்துலயும் சரி, பிரிட்டனோட 1890 சட்டத்துலயும் சரி, பார்ட்னர்ஷிப்புக்கு எழுத்துல பத்திரம் இருந்தே ஆகணும்னு இல்ல, லாப நோக்கத்தோட சேர்ந்து தொழில் பண்ணி லாபத்தைப் பிரிச்சுக்க ஒத்துக்கிட்டாலே அப்படிப் பார்க்க இடம் இருக்கு. அப்படின்னா பிரிண்டருக்குத் தர வேண்டிய பாக்கியை ஒருத்தர்கிட்ட இருந்தே முழுசா வசூல் பண்ணலாம், "அக்கவுண்ட் அவன் பேர்லதானே இருந்துச்சு"ன்னு சொல்லி நீங்க தப்பிக்க முடியாது.

எழுதிக் கொடுக்கிறதுன்னா எழுதித்தான் கொடுக்கணும். உரிமை மாத்தறதுக்கு இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன் மூணுலயும் எழுத்து, கையெழுத்து வேணும். ரொம்ப பயந்துக்க வேண்டாம், 1990-ல ஒரு அமெரிக்க கோர்ட், இதுக்கு வக்கீல் பாஷை தேவையில்ல, ஒரே ஒரு வரி போதும்னு சொல்லிருக்கு. அதே கேஸ்ல எழுத்து இல்லாததால என்ன ஆச்சுன்னா, ஒரு படத்துக்கு ஸ்பெஷல் எஃபெக்ட் காட்சி எடுத்துக் கொடுத்த கம்பெனிக்கே காப்பிரைட் நின்னுடுச்சு, படம் எடுத்தவருக்கு அதைப் பயன்படுத்திக்கிற அனுமதி மட்டும்தான் இருக்கிறதா எடுத்துக்கிட்டாங்க.

ஆனா இந்திய சட்டத்துல ஒரு வரி பத்தாது, இதைக் கவனமா படிங்க. உரிமை எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா 5 வருஷம்னு எடுத்துக்கும். எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துக்கும். வாங்கின உரிமையை 1 வருஷத்துக்குள்ள பயன்படுத்தலைன்னா, வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய, அந்த உரிமை காலாவதி. எழுதினப்போ இல்லாத புது மீடியத்துக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதலைன்னா உரிமை போகாது. இதெல்லாம் சேர்த்துப் பாருங்க: ஒரு பக்கத்துல அவசரமா எழுதின அசைன்மெண்ட்டை (உரிமையை எழுதிக் கொடுக்கிற பத்திரம்) வெச்சுக்கிட்டு வெளிநாட்டு பேக்கர்களுக்கு புக் அனுப்பறீங்க, வரையறதுக்கே ஒண்ணரை வருஷம் ஆகுது, 6-வது வருஷம் ஒருத்தர் அனிமேஷன் உரிமை கேட்டு வர்றார். மூணு இடத்துலயும் மாட்டுவீங்க. படைப்பு எது, என்னென்ன உரிமை, எத்தனை காலம், உலகம் முழுக்கவா, என்ன ராயல்டி, இந்த அஞ்சும் அதுல இருக்கணும்.

நெட்ல கிடைக்கிற அமெரிக்க டெம்ப்ளேட்டை எடுத்து "ஒர்க் ஃபார் ஹயர்"னு (அதாவது வேலை வாங்கினவரே சட்டப்படி ஆசிரியர்னு) போட்டு கையெழுத்து வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவுலயே வெளி ஆள்கிட்ட காசு கொடுத்துப் பண்ண வேலைக்கு அது 9 வகைப் படைப்புக்குத்தான் செல்லும், தனியா வர்ற ஒரு கிராஃபிக் நாவல் அந்த லிஸ்ட்ல சுலபமா உட்காராது. அதனால "ஒருவேளை அப்படிக் கணக்காகலைன்னா, இதன் மூலமா உரிமையை எழுதிக் கொடுக்கிறேன்"ங்கிற வரியும் சேர்ந்து இருக்கணும்.

எல்லா உரிமையையும் ஒரே இடத்துல வைக்கிறது மத்தவங்களை ஏமாத்தறதா ஆகிடக்கூடாது இல்லையா, அதுக்குத்தான் அக்ரிமெண்ட்ல மிச்ச வரிகள். குறிப்பிட்ட காலத்துக்குள்ள புக் வரலைன்னா அவங்கவங்க உரிமை அவங்கவங்களுக்கே திரும்பிப் போகணும். அட்டையில பேர் எப்படி வரும்னு எழுதணும். அன்றாட முடிவுக்கு ரெண்டு பேர் சொன்னா போதும், ஆனா மொத்தமா விக்கிறது, சினிமா உரிமை மாதிரி விஷயத்துக்கு மூணு பேரும் ஒத்துக்கணும். லாபம்னா என்னன்னு கண்டிப்பா எழுதுங்க, கேம்பெய்ன்ல வந்த பணம் லாபம் இல்ல, அச்சு, பேக்கிங், தபால், பிளாட்ஃபார்ம் கமிஷன் எல்லாம் போன பிறகு மிஞ்சினாத்தான் லாபம். க்ரவுட்ஃபண்டிங் தளமான கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கும், பேமெண்ட் செலவு அதுக்கு மேல தனி. மொத்தத் தொகையைப் பார்த்து மூணால வகுத்து அவசரமா எடுத்துக்கிட்டவங்க கடைசில தபால் செலவுக்கு கைக்காசு போட்டிருக்காங்க.

விலகல் பத்தி கேட்டீங்க. நடுவுல போறவருக்கு முழுப் பங்கும் இருக்கும்னு விட்டீங்கன்னா, 20 பக்கம் வரைஞ்சுட்டுப் போனவர் மிச்ச 80 பக்கம் வரையறவரை விட அதிகமா வாங்குவார். பங்கு முழுசா முதல் நாளே வந்துடாம, முடிச்சுக் கொடுத்த வேலைக்கு ஏத்த மாதிரி ஏறிட்டே வர்ற மாதிரி வைங்க. அவர் வரைஞ்ச பக்கத்தைப் பயன்படுத்தலாம், அந்தப் பாத்திரங்களை வேற ஓவியர் தொடரலாம், பேர் மட்டும் அவர் பண்ண பகுதிக்கு நிக்கும்னு எழுதணும். இந்தியாவுல இன்னொண்ணு இருக்கு, உரிமையை வித்த பிறகும் படைப்பாளிக்கு காப்பிரைட் சட்டத்தோட 57-வது பிரிவுல ஒரு தனி உரிமை தங்கும், தன் பேரைக் கோரலாம், தன் மானத்துக்குப் பங்கம் வர்ற மாதிரி படைப்பைச் சிதைச்சா தடுக்கலாம். பிரிட்டன்ல இதை எழுத்துல விட்டுக் கொடுக்க முடியும். விலகினவர் படத்து மேல இன்னொருத்தர் திருத்தி வரையறப்போ இது ஞாபகம் இருக்கட்டும்.

ஒருத்தர் இறந்துட்டா அவர் பங்கு வாரிசுக்குப் போகும். காப்பிரைட் இந்தியாவுல ஆசிரியர் இறந்து 60 வருஷம், அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் பொதுவா 70, கூட்டுப் படைப்புன்னா கடைசியா இறக்கிறவர்ல இருந்து கணக்கு. காமிக்ஸ் பேரே கேள்விப்படாத ரெண்டு வாரிசுகிட்ட கையெழுத்துக்கு அலையணும். உரிமை ஒரே இடத்துல இருந்தா வாரிசுக்கு ராயல்டி மட்டும் போகும், முடிவெடுக்கிறது தடைபடாது.

சினிமா, குறும்படம் பண்றவங்களுக்கு கணக்கு கொஞ்சம் மாறும். இந்திய சட்டத்துல படத்துக்கு ஆசிரியர் தயாரிப்பாளர்தான், அதாவது முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பண்ணவர், டைரக்டர் இல்ல. பிரிட்டன்ல தயாரிப்பாளரும் முதன்மை டைரக்டரும் சேர்ந்து. அமெரிக்காவுல 2015-ல ஒரு குறும்பட கேஸ்ல, கான்ட்ராக்ட்ல கையெழுத்தே போடாத டைரக்டர் தன் பங்களிப்புக்குத் தனி காப்பிரைட் கேட்டார், கிடைக்கல. நண்பர்கள் சேர்ந்து எடுத்த படத்துல "தயாரிப்பாளர் யார்"ங்கிறதே சண்டையாகும், அதனால அதை முதல்ல எழுதுங்க.

ஏஐ வெச்சு படம் உருவாக்கற ஆள் உங்க டீம்ல இருந்தா அதையும் வெளிப்படையா பேசிடுங்க. 2023 பிப்ரவரியில அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ் ஒரு காமிக்ஸுக்கு, எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் பதிவு கொடுத்துட்டு மிட்ஜர்னிங்கிற ஏஐ உருவாக்கின படங்களுக்கு இல்லைன்னுடுச்சு. அப்போ அந்த ஓவியர் எழுதிக் கொடுக்கிற உரிமைல உள்ள ஒண்ணுமே இல்ல. கிக்ஸ்டார்ட்டரும் அதே வருஷம் ஆகஸ்ட்ல இருந்து ஏஐ பயன்படுத்தினா சொல்லணும்னு விதி போட்டுச்சு.

இனி பேக்கர்கள். பணம் போட்டதால மட்டும் யாரும் ஓனர் ஆகறதில்ல. 1976-ல குஜராத்துல 5 லட்சம் பால் விவசாயிங்க ஆளுக்கு 2 ரூபா போட்டு 'மந்தன்' படம் வந்துச்சே, அதுக்காக காப்பிரைட் 5 லட்சம் துண்டாகல, தயாரிப்பாளரா நின்னது அவங்களோட கூட்டுறவு ஃபெடரேஷன். பேக்கருக்கு உங்ககிட்ட இருக்கிறது ஒப்பந்த உரிமை, அதாவது பணத்துக்குப் பதிலா தரேன்னு சொன்ன பொருளை (ரிவார்டு) கொடு, இல்லேன்னா ஒழுங்கா பதில் சொல்லு. பிளாட்ஃபார்ம் இந்த ஒப்பந்தத்துல பார்ட்டியே இல்ல, கிக்ஸ்டார்ட்டர் விதிகள்லயே ஒப்பந்தம் கிரியேட்டருக்கும் பேக்கருக்கும் நேரடினு போட்டிருக்கு. முடிக்க முடியலைன்னா என்ன ஆச்சுன்னு விளக்கணும், பணம் எப்படி செலவாச்சுன்னு காட்டணும், மிச்சப் பணத்தைத் திருப்பணும், இதெல்லாம் அதுலயே இருக்கு.

நடைமுறையில யாராவது கேஸ் போடுவாங்களான்னு நினைப்பீங்க. போட்டிருக்காங்க. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல், 2012-ல சீட்டுக்கட்டு தரேன்னு 810 பேர்கிட்ட 25,146 டாலர் திரட்டிட்டு அனுப்பாத ஒரு ஆள் மேல 2014-ல கேஸ் போட்டு, அடுத்த வருஷம் 54,851 டாலர் கட்டச் சொல்லி தீர்ப்பு வாங்கினாங்க. அதுல அந்த மாநிலத்து 31 பேக்கருக்குத் திருப்பித் தர வேண்டியது வெறும் 668 டாலர், மிச்சம் அபராதமும் வழக்குச் செலவும். 25 ஆயிரம் வாங்கினவர் அதை விட ரெட்டிப்புக்கு மேல கட்டணும்!

அதே 2015-ல அமெரிக்க மத்திய அரசோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி ஒரு போர்டு கேம் கேம்பெய்ன் மேல நடவடிக்கை எடுத்துச்சு. 35,000 டாலர் கேட்டு 1,22,000 டாலருக்கு மேல வந்தது, பணம் வாங்கினவர் அதுல வீட்டு வாடகை, ஊர் மாறின செலவுன்னு சொந்தத்துக்குப் போட்டுட்டார். உங்க கேள்விக்கு முக்கியமான பகுதி எதுன்னா, அந்த கேமை டிசைன் பண்ணி வரைஞ்சவங்க வேற ஆளுங்க, பணம் வாங்கினது வேற ஆள். கடைசில வேறொரு பப்ளிஷர் அந்த கேமை அச்சடிச்சு பழைய பேக்கர்களுக்கும் இலவசமா கொடுத்தாங்க. படைப்பாளிங்க பேர் அந்த கேம்பெய்ன்ல ஒட்டிக்கிட்டு இருந்ததால கெட்ட பேர் அவங்க மேலயும்தான் தெறிச்சது. உங்க மூணு பேர்ல பேங்க் அக்கவுண்ட் யார்கிட்ட இருக்கோ அவர்கிட்ட மட்டும் எல்லாத்தையும் விடாதீங்க, கேம்பெய்ன் பணத்துக்குத் தனி அக்கவுண்ட், ரெண்டு பேர் கையெழுத்து, மாசக் கணக்கு மூணு பேருக்கும் தெரியணும்.

பிளாட்ஃபார்ம் எல்லா நாட்டுக்காரங்களையும் கேம்பெய்ன் தொடங்க விடறதில்ல, அதனால வெளிநாட்டுல இருக்கிற ஃப்ரெண்டு பேர்ல அக்கவுண்ட் திறக்கிறதுன்னு ஒரு பழக்கம் ஓடிட்டு இருக்கு. சட்டப்படி கிரியேட்டர் அந்த ஃப்ரெண்டுதான், பேக்கர்களுக்குக் கடமைப்பட்டவரும் அவரே, அந்தப் பணம் அங்க அவர் வருமானமா பார்க்கப்படலாம், வரி அவர் தலையில விழலாம். அவரோடயும் ஒரு அக்ரிமெண்ட் இல்லாம இதைப் பண்றது எனக்கு சுத்தமா பிடிக்காது, ரெண்டு பக்கத்துக்குமே.

ரிவார்டுல "உங்க முகத்தை ஒரு பாத்திரமா வரையறோம்", "உங்க குட்டிக் கதையைச் சேர்க்கிறோம்"னு போடறவங்க, அந்த முகத்தைப் பயன்படுத்த அனுமதியும் கதைக்கு லைசென்ஸும் எழுதி வாங்கணும். இல்லேன்னா நாலாவதா ஒரு உரிமைக்காரர் உள்ள வந்துட்டார்.

கடைசியா நெருப்பு மாதிரி ஒரு விஷயம், "1000 ரூபா போட்டா லாபத்துல பங்கு". இந்த ஒரு வரிதான் ரிவார்டை முதலீடா மாத்துது. அமெரிக்காவுல 1946-ல ஹோவி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஆரஞ்சுத் தோட்டத் துண்டுகளை வித்ததையே செக்யூரிட்டின்னு (பங்குப் பத்திரம் மாதிரி ஒரு முதலீடுன்னு) சொல்லிருக்கு: ஒரு பொதுவான தொழில்ல பணம் போட்டு மத்தவங்க உழைப்புல லாபம் எதிர்பார்த்தா அது முதலீட்டு ஒப்பந்தம். அங்க இதுக்குன்னே 2012-ல ஜாப்ஸ் சட்டம் வந்து, 2016 மே மாசத்துல இருந்து பதிவு பண்ண தளங்கள் வழியா சின்ன முதலீட்டாளர்கள்கிட்ட பணம் திரட்டலாம், 2021-ல உச்சவரம்பு 12 மாசத்துக்கு 50 லட்சம் டாலர் ஆச்சு. ஐரோப்பிய யூனியன்லயும் 2021 நவம்பர்ல இருந்து 50 லட்சம் யூரோ வரைக்கும் பொது விதி இருக்கு. இந்தியாவுல அந்த மாதிரி கதவு திறக்கல, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2014-ல இது பத்தி ஒரு ஆலோசனை அறிக்கை போட்டுச்சு, 2016-ல அனுமதி இல்லாத ஆன்லைன் தளங்கள்ல பணம் போடாதீங்கன்னு எச்சரிக்கை விட்டுச்சு. கம்பெனி சட்டப்படி தனிப்பட்ட முறையில பங்கு கொடுக்க ஒரு வருஷத்துக்கு 200 பேர் வரைக்கும்தான் அணுகலாம், அதுவும் ஊரைக் கூட்டி விளம்பரம் பண்ணக்கூடாது. "எல்லாரும் எங்க நண்பர்கள், தெரிஞ்சவங்க"ன்னு சொல்லிக்கலாம்னு பார்க்காதீங்க, கோடிக்கணக்கான பேர்கிட்ட பணம் திரட்டின சஹாரா குழுமம் அதே வாதத்தைத்தான் வெச்சது, 2012-ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. அதனால கேம்பெய்ன் பேஜ்ல லாபம், பங்கு, வட்டி, போட்ட பணம் திரும்ப வரும் மாதிரி வார்த்தை ஒண்ணு கூட இருக்கக்கூடாது. புக், பிரிண்ட், கையெழுத்துப் போட்ட காப்பி, நன்றிப் பக்கத்துல பேர், இதுல நிறுத்திக்குங்க. கிக்ஸ்டார்ட்டர் விதியே லாபப் பங்கு தரக்கூடாதுன்னுதான் சொல்லுது.

கேம்பெய்ன் ஏற்கனவே ஓடிட்டு இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு: பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி மூணு பேரும் உட்கார்ந்து குறைஞ்சபட்சம் ஒரு லைசென்ஸாவது எழுதிக்குங்க, இந்த புக்கை அச்சா, டிஜிட்டலா, உலகம் முழுக்க, எல்லா பேக்கருக்கும் கொடுக்கவும் விக்கவும் கேம்பெய்ன் நடத்தறவருக்கு மூணு பேரும் அனுமதி தர்றோம், திரும்ப வாங்க முடியாது, ஒருத்தர் விலகினாலும் இது நிக்கும்னு. பெரிய அக்ரிமெண்ட்ல சதவீதத்துக்கு சண்டை ஓடிட்டு இருந்தாலும் இந்த ஒண்ணு கையில இருந்தா பேக்கர்களுக்குப் போக வேண்டிய புக் போயிடும். யாராவது இதுக்கே கையெழுத்துப் போட மாட்டேன்னா, பணம் எடுக்கப்படறதுக்கு முன்னாடியே கேம்பெய்னை கேன்சல் பண்ணுங்க, கிக்ஸ்டார்ட்டர் மாதிரி இலக்கை எட்டினாத்தான் பணம்ங்கிற இடத்துல கெடு முடியற வரைக்கும் பேக்கர் கார்டுல இருந்து ஒரு பைசா போகாது.